கையும் படிக்கட்டும்
பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் மறையாசிரியருக்கும் ஒரு பாடம்



பாடசாலை விட்டு வரும் பிள்ளையிடம் நாம் கேட்கும் முதற் கேள்வி எது? சோற்றைப் போட்ட கையோடு, "இண்டைக்கு என்ன எழுதினனீ? கொப்பியைக் காட்டு" என்பதே. கொப்பியில் இரண்டு பக்கம் நிறைந்திருந்தால் ரீச்சர் நல்லவர். பக்கம் வெறுமையாக இருந்து, சட்டையில் களிமண்ணும் கையில் பசையும் ஒட்டியிருந்தால், "படிப்பிக்கிறதை விட்டுப்போட்டு விளையாட விட்டிருக்கினம்" என்று குறை சொல்லுகிறோம்.

இந்தக் குறை நியாயமானதா என்று இந்த வாரம் சற்று அமைதியாக எண்ணிப் பார்ப்போம். சட்டையில் ஒட்டிய அந்தக் களிமண்ணே அன்றைய பாடமாக இருந்திருக்கலாம். கொப்பியில் நிறைந்திருந்த இரண்டு பக்கமும், கரும்பலகையில் இருந்ததைப் பொருள் விளங்காமல் பார்த்து எழுதியதாகவும் இருக்கலாம். பார்த்தெழுதத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்கத் தெரியும் என்று நாம் நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கை பொய்த்தது தரம் நான்கிலோ ஐந்திலோதான் தெரியவரும். அப்போது பிள்ளையின் மேல் "மக்கு" என்ற பெயர் விழுந்துவிடும். அந்தப் பெயரோடு கடற்கரைக்கோ கடைக்கோ வேலைக்குப் போகும் பிள்ளைகள் நமது பங்குகளிலும் உண்டு. ஆகவே இது சட்டை அழுக்காகும் கதையன்று. ஒரு பிள்ளையின் வாழ்வைப் பற்றிய காரியம்.

களிமண் கப்பல்

திருகோணமலைப் பிள்ளைக்குக் கப்பல் புதிய பொருளல்ல. சீனன்குடா மா ஆலைக்குக் கோதுமை கொண்டுவரும் கப்பலையும், கடற்படைக் கப்பலையும், கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலையும் பார்த்தே வளருகிறது. ஆனால் ஓர் இரும்பாணியைத் தண்ணீரில் போட்டால் தாழுகிறதே, இரும்பாலான கப்பல் ஏன் தாழவில்லை என்று அந்தப் பிள்ளையை யாராவது கேட்டதுண்டா?

தரம் மூன்று அல்லது நான்கில் இதை ஒரு பாடமாக நடத்தலாம். வேண்டிய பொருள்கள்: நன்றாகப் பிசைந்த களிமண், ஒரு வாளி தண்ணீர், ஒரு பேணி நிறையப் புளியங்கொட்டை. பிள்ளைகளை ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் எலுமிச்சம்பழ அளவு களிமண் கொடுக்க வேண்டும். எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு கொடுப்பது முக்கியம்.

முதலில் அதை உருண்டையாக்கச் சொல்லுங்கள். "தண்ணீரில் போட்டால் மிதக்குமா, தாழுமா?" என்று கேளுங்கள். விடை சொல்லாமல் விட்டுவிட வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பக்கம் நின்று கையுயர்த்தட்டும். பிறகு போடட்டும். உருண்டை தாழும். அதே களிமண்ணை எடுத்து, நடுவைக் குழித்து, சுவரை மெல்லிதாக்கி, ஒரு சட்டி போலச் செய்யச் சொல்லுங்கள். மெதுவாகத் தண்ணீரில் வைத்தால் மிதக்கும். சில குழுக்களின் சட்டியில் வெடிப்பு இருக்கும். தண்ணீர் புகுந்து தாழும். அவர்கள் தாங்களாகவே வெடிப்பைத் தேடிப் பிடித்து அடைப்பார்கள். அந்தத் தேடலை ஆசிரியர் பறித்துக்கொள்ளக் கூடாது.

பிறகு புளியங்கொட்டையை ஒவ்வொன்றாக ஏற்றட்டும். எந்தக் குழுவின் கப்பல் கூடுதலான பாரம் தாங்கியது? எண்ணி, கரும்பலகையில் அட்டவணை போடட்டும். பாரத்தை ஒரே பக்கத்தில் ஏற்றிய கப்பல் என்னவாயிற்று? நடுவில் பரப்பி ஏற்றிய கப்பல் என்னவாயிற்று? கடைசியில் ஒவ்வொருவரும் தான் கண்டதைக் கொப்பியில் மூன்றே வசனத்தில் எழுதட்டும். களிமண்ணைத் தண்ணீரில் நெடுநேரம் விட்டால் கரைந்துபோகும். ஆகவே அரை மணித்தியாலத்துள் வேலையை முடிப்பது நல்லது.

இங்கே நடந்தது என்ன? களிமண்ணின் நிறை மாறவில்லை. வடிவம் மட்டுமே மாறியது. சட்டி வடிவம் கூடுதலான தண்ணீரை விலக்குகிறது. விலக்கிய தண்ணீரின் நிறை, சட்டியின் நிறைக்கு ஈடானதும் அது மிதக்கிறது. ஆர்க்கிமிடிஸ் என்ற பெயரைப் பிள்ளை மேல்வகுப்பில் அறிந்துகொள்ளட்டும். அந்த நாளில், "ஓ, இதைத்தான் நாங்கள் களிமண்ணில் செய்தோமே" என்று அதற்கு நினைவு வரும். அந்த ஒரு மணித்தியாலத்தில் பிள்ளை எண்ணியது கணிதம், பேசியதும் எழுதியதும் தமிழ், கண்டறிந்தது சுற்றாடல், வெடிப்பை அடைக்க மற்றவனுக்கு இடம் கொடுத்தது நல்லொழுக்கம்.

இன்னொன்றும் உண்டு. 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் உட்படப் பலர் உயிரிழந்த துயரத்தை நமது மாவட்டம் மறக்கவில்லை. அதில் பிள்ளைகளின் குற்றம் எதுவுமில்லை. பாதுகாப்பான வழி அமைத்துக் கொடுப்பது பெரியவர்களின் கடமை. என்றாலும், தோணியிலும் படகிலும் போய்வரும் பிள்ளைகள் வாழும் மண்ணில், பாரம் கூடினால் என்னவாகும், எல்லாரும் ஒரு பக்கம் எழுந்து நின்றால் என்னவாகும் என்பதைப் பிள்ளை தன் கையால் அறிந்திருப்பது எத்தனை நல்லது! புத்தகத்தில் வாசித்த எச்சரிக்கை மறந்து போகலாம். தான் செய்த கப்பல் கண்முன் கவிழ்ந்ததைப் பிள்ளை மறவாது.

இது புதுப் பழக்கமா?

"எங்கட காலத்தில் இப்படி இல்லையே" என்று தாத்தாமார் சொல்லக்கூடும். உண்மையில் இது நமது பழைய வழியே. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதியே அரிச்சுவடி கற்றார்கள். விரல் மணலில் ஓடும்போது எழுத்தின் வளைவு கைக்குள் போய்விடுகிறது. ஏடு தொடக்கும்போது பச்சையரிசியில் பிள்ளையின் விரலைப் பிடித்து "அ" எழுதுவிக்கிறோமே, அதன் உட்பொருளும் இதுவே.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில், படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லத்தைப் பொறுப்பேற்றிருந்த அன்றூ பெல் என்ற ஸ்கொத்லாந்துப் போதகர், அவ்வூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு வியந்து, தமது இல்லத்திலும் அதைக் கையாண்டார். மூத்த பிள்ளைகள் இளைய பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797இல் இலண்டனில் ஒரு நூலாக வெளியிட்டார். அது "சென்னை முறை" என்ற பெயரோடு இங்கிலாந்தெங்கும் பரவியது. நமது மணலில் கற்றதை உலகம் எடுத்துக்கொண்டது. நாமோ மணலைக் கைவிட்டோம்.

கத்தோலிக்கப் பெண்மணியும் மருத்துவருமாகிய மரியா மொண்டிசோரி அம்மையார், 1907 ஜனவரி 6ஆம் திகதி, மூவிராசர் திருநாளன்று, உரோமாபுரியின் சான் லொரென்சோ என்ற ஏழைக் குடியிருப்பில் தமது முதற் "குழந்தைகள் இல்லத்தை"த் தொடங்கினார். தாய்தந்தையர் வேலைக்குப் போனபின் படிகளிலும் சுவர்களிலும் கிறுக்கித் திரிந்த பிள்ளைகளே அவருடைய மாணவர்கள். மணற்கடதாசியில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவியே அவர்கள் எழுதக் கற்றார்கள். 1939இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்தார். உலகப் போர் மூண்டதால் போர்க்காலம் முழுவதும் இந்தியாவில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றினார். 1944இல் இலங்கைக்கும் வந்து பயிற்சி அளித்தார். இன்று நமது ஊரில் முன்பள்ளி எல்லாவற்றையும் "மொண்டிசோரி" என்று அழைக்கிறோம். ஆனால் அங்கே நாலு வயதுப் பிள்ளை, கோடு போட்ட கொப்பியில் எழுத்துகளைப் பத்துத் தரம் பார்த்தெழுதிக்கொண்டிருந்தால், பெயர் மட்டும் அந்த அம்மையாருடையது; முறை அவருடையதன்று.

அரசின் பாடத்திட்டமும் இதையே கேட்கிறது. 1998இல் கம்பகா மாவட்டத்தில் தொடங்கி 1999இல் நாடெங்கும் பரவிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்ற மூன்று வழிகளை வகுத்தது. தரம் 1, 2இல் விளையாட்டும் செயற்பாடும் மேலோங்க வேண்டும். தரம் 3, 4இல் மூன்றும் சமமாக வேண்டும். தரம் 5இலேயே எழுத்து வேலை கூட வேண்டும் என்பதே அதன் ஒழுங்கு. தமிழ்நாட்டிலும் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய "செயல்வழிக் கற்றல்", சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. ஆகவே, பிள்ளையைக் களிமண்ணோடு இருத்திய ரீச்சர் தமது கடமையையே செய்தார் என்பதை அறிந்துகொள்ளுங்கள்.

எண்ணும் கைவழியே

கணிதமே பிள்ளைகளுக்கு அச்சம் தரும் பாடம். அந்த அச்சம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால், பல பிள்ளைகள் 25 என்று எழுதுவார்கள். ஏனென்றால் 2இலிருந்து 7 போகாது என்று கண்டவுடன், 7இலிருந்து 2ஐக் கழித்துவிடுகிறார்கள். நாம், "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்று சத்தமிடுகிறோம். எந்த வீடு, என்ன கடன் என்று பிள்ளைக்கு விளங்குவதில்லை.

விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குகளை எடுத்து விரல் நீளத்துக்கு முறியுங்கள். பத்துப் பத்தாக நூலால் கட்டச் சொல்லுங்கள். இப்போது 32 என்பது மூன்று கட்டும் இரண்டு தனி ஈர்க்கும். பதினேழைக் கொடுக்க வேண்டும். ஏழு தனி ஈர்க்கு இல்லை. என்ன செய்யலாம்? சற்று நேரம் பொறுத்திருங்கள். ஒரு பிள்ளை தானாகவே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது இரண்டு கட்டும் பன்னிரண்டு ஈர்க்கும் உண்டு. ஏழை எடுத்தால் ஐந்து மிச்சம். ஒரு கட்டை எடுத்தால் ஒரு கட்டு மிச்சம். விடை 15. "கடன் வாங்குதல்" என்பது உண்மையில் கட்டவிழ்த்தல் என்று அந்தப் பிள்ளை தன் கையால் கண்டுவிட்டது. நாலைந்து நாள் இப்படிச் செய்தபின் ஈர்க்கில்லாமலே கணக்கு வரும். ஈர்க்கு ஊன்றுகோல் போன்றது. கால் பலப்பட்டதும் பிள்ளை தானே அதைப் போட்டுவிடும்.

பின்னமும் அப்படியே. காலைவிட அரை பெரிது என்பதைப் பிள்ளை எளிதில் ஏற்காது; 4 என்பது 2ஐவிடப் பெரிதல்லவா என்று அது நியாயமாகவே நினைக்கிறது. காலையில் பாண் வாங்கி வந்ததும் அதைப் பிள்ளையிடமே கொடுத்து வெட்டச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு. ஒரு றாத்தல் பாணை நாலு பேருக்குப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு, இரண்டு பேருக்கு என்றால் எவ்வளவு? பசித்த பிள்ளைக்கு அந்தப் பாடம் விரைவில் விளங்கும்.

அளவைக்கு நமது மீனவர்களே ஆசிரியர்கள். வலையின் நீளத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அவர்கள் "பாகம்" கொண்டு அளக்கிறார்கள். இரு கைகளையும் விரித்த நீளமே ஒரு பாகம். வளர்ந்த மனிதனுக்கு ஏறக்குறைய ஆறு அடி. ஒரு கயிற்றை எடுத்து, அப்பாவின் பாகத்தால் அளக்கட்டும். பிறகு பிள்ளை தன் பாகத்தால் அளக்கட்டும். எண்ணிக்கை வேறுபடும். ஏன்? அப்படியானால் கடைக்காரர் யாருடைய பாகத்தால் அளப்பது? மீற்றர்க் கோல் எதற்கு வேண்டும் என்பதைப் பிள்ளை இப்போது தானே சொல்லும். பிறகு தன் பாகத்தையும் தன் உயரத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கண்டு வியப்படையும். நம்மைப் படைத்தவரின் ஒழுங்கை அந்த வியப்பிலே காட்டிக்கொடுக்கலாம்.

எழுத்தும் பேச்சும்

வகுப்பில் ஒரு மூலையில் கடை வைக்கலாம். வெறும் பால்மாப் பெட்டி, சவர்க்காரக் கடதாசி, தேயிலைப் பைக்கற்று, பேணிகள் ஆகியவற்றை வீடுகளிலிருந்து சேர்த்தால் கடை நிறைந்துவிடும். ஒருவர் கடைக்காரர், மற்றவர் வாங்குபவர். விலைச்சீட்டைப் பிள்ளைகளே எழுதட்டும். மிச்சக் காசைக் கணக்கிட்டுக் கொடுக்கட்டும். நமது நாட்டுப் பொருள்களில் பெரும்பாலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழியிலும் பெயர் இருக்கும். "இந்தப் பெட்டியில் சீனி என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று தேடுகிற பிள்ளை, அடுத்த வரியில் உள்ள சிங்கள எழுத்தையும் பார்த்துப் பழகும். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே சந்தையில் மீன் வாங்கும் நமது மாவட்டத்தில், இதைவிட நல்ல மொழிப்பாடம் வேறில்லை. அயலவனின் எழுத்து அச்சம் தருவதாக இல்லாமல் அறிமுகமானதாக இருப்பது, சமாதானத்துக்கு நாம் இடும் ஒரு சிறு கல்.

சித்திரம் கீறுவதையும் நாம் வீண்வேலை என்று எண்ணுகிறோம். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் பொங்கி வந்து நமது கரையோரக் கிராமங்களை அழித்தபின், வாயால் எதையும் சொல்ல முடியாதிருந்த பிள்ளைகள், கடதாசியும் வர்ணமும் கொடுத்தபோது தங்கள் உள்ளத்தில் இருந்ததைக் கீறினார்கள். போரில் இடம்பெயர்ந்த பிள்ளைகளும் அப்படியே. கை பேசத் தொடங்கினால் வாயும் மெல்லத் திறக்கும். ஆகவே உங்கள் பிள்ளை கீறிய படத்தைப் பார்த்து, "இது என்ன கிறுக்கல்?" என்று கேட்க வேண்டாம். "இதைப் பற்றி எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். அதிலிருந்தே ஒரு கட்டுரை பிறக்கும்.

ஆண்டவர் கற்பித்த விதம்

நம் ஆண்டவர் இயேசு எப்படிக் கற்பித்தார் என்று எண்ணிப் பாருங்கள். இறையரசைப் பற்றிச் சொல்ல அவர் விதையை எடுத்தார், புளித்த மாவை எடுத்தார், வலையை எடுத்தார். வரியைப் பற்றிக் கேட்டவர்களிடம் ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள உருவத்தைப் பார்க்கச் சொன்னார். யார் பெரியவர் என்று வாதித்த சீடர்களுக்கு நடுவே ஒரு குழந்தையை நிறுத்தினார். தாழ்மையைக் கற்பிக்கக் கச்சை கட்டிக்கொண்டு கால்களைக் கழுவினார். ஐயுற்ற தோமாவிடம் நீண்ட பிரசங்கம் செய்யவில்லை. தமது காயங்களைத் தொட்டுப் பார்க்கும்படி கையை நீட்டச் சொன்னார். நமது அறிவு புலன்களின் வழியே தொடங்குகிறது என்று மேதையாகிய புனித தோமா அக்குவினார் போதித்ததும் இதற்கு இசைந்ததே. திருச்சபையின் திருவருட்சாதனங்களைப் பாருங்கள்: தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம். தொட்டும் சுவைத்தும் அருளைப் பெறுகிற நாம், பிள்ளை தொட்டுப் படிப்பதைக் குறைவாக எண்ணலாமா?

ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் உள்ள விதைப்பவன் உவமைக்கு நாலு சிரட்டைகள் போதும். முதற் சிரட்டையில் மண்ணை இறுக்கி அடித்து, பயற்றை மேலே தூவுங்கள். இரண்டாவதில் கற்களை நிரப்பி, மேலே ஒரு விரற்கடை மண் போடுங்கள். மூன்றாவதில் கோரைப்புல்லை வேரோடு நட்டு, நடுவே பயற்றை ஊன்றுங்கள். நாலாவதில் நல்ல மண். நாலுக்கும் ஒரே அளவு தண்ணீர் விட்டு, கோவில் முற்றத்தில் வெளிச்சமான இடத்தில் வையுங்கள். முதலாவதைக் காகமோ எறும்போ பார்த்துக்கொள்ளும். கல்லின் மேலுள்ள விதையும் நல்ல மண்ணில் உள்ளதைப் போலவே விரைந்து முளைக்கும். அதைக் கண்டு பிள்ளைகள் மகிழ்வார்கள். முளைத்தபின் இரண்டு நாள் தண்ணீர் விடாமல் வெயிலில் விடுங்கள். கல்லின் மேல் நின்றது வாடிவிடும். ஆழ வேரூன்றியது நிற்கும். அடுத்த ஞாயிறு அந்தச் சிரட்டைகளை நடுவில் வைத்து உவமையை வாசியுங்கள். "நான் எந்தச் சிரட்டை?" என்ற கேள்வியை நீங்கள் கேட்கத் தேவையில்லை, பிள்ளைகளே கேட்பார்கள்.

அதே அதிகாரத்தில் வலையின் உவமையும் உண்டு. கரைவலை இழுத்து முடிந்தபின், மீன்களை இனம் பிரித்து வேண்டாதவற்றை ஒதுக்குவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அதை விளக்க வேண்டுமா? அந்தப் பிள்ளையையே வகுப்புக்கு விளக்கச் சொல்லுங்கள். எழுத்தில் பின்தங்கிய பிள்ளை, வலையின் முடிச்சைப் போட்டுக் காட்டும்போது வகுப்புக்கே ஆசிரியராகிவிடும். அன்றைக்கு அதன் முகத்தைப் பாருங்கள்.

"புலமைப்பரிசில் என்னாகும்?"

உங்கள் மனதிலுள்ள கேள்வி இதுவே என்பதை அறிவோம். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை, திறமையுள்ள ஏழைப் பிள்ளைக்கு உதவிப்பணமும் நல்ல பாடசாலையில் இடமும் கிடைக்கச் செய்யும் நல்ல நோக்கமுடையது. ஆனால் இன்று பலர் தரம் மூன்றிலேயே பிள்ளையை ரியூசனுக்கு அனுப்பி, மாலைப் பொழுதையும் சனிக்கிழமையையும் பறித்துக்கொள்கிறோம். மறைக்கல்விக்கு வர நேரமில்லை என்ற பதிலும் அதனாலேயே வருகிறது. பரீட்சை எழுதும் பிள்ளைகளில் ஒரு பகுதியினரே வெட்டுப்புள்ளியைத் தாண்டுவர். தாண்டாத பிள்ளை பத்து வயதிலேயே தோற்றுப்போனதாக நாம் முகத்தைத் திருப்பிக்கொண்டால், அதன் காயத்தை எந்தப் பாடசாலை ஆற்றும்?

மேலும், அந்தப் பரீட்சையின் முதலாம் வினாத்தாள் மனனத்தை அல்ல, சிந்திக்கும் திறனையே பெரிதும் அளக்கிறது. கட்டவிழ்த்துக் கழிக்கத் தெரிந்த பிள்ளை, கணக்கைத் திருப்பிக் கேட்டாலும் விடை சொல்லும். மனனம் செய்த பிள்ளையோ, கேள்வியின் முகம் மாறியதும் மயங்கும். ஆகவே கைவழிக் கல்வி பரீட்சைக்குப் பகையன்று. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: செய்வது மட்டும் போதாது. வாய்ப்பாடு மனதில் நிற்க வேண்டும். கையெழுத்துப் பழக வேண்டும். சத்தமிட்டு வாசிக்க வேண்டும். களிமண்ணோடு நின்றுவிட்டு, கண்டதைச் சொல்லாமலும் எழுதாமலும் போனால் அது வெறும் விளையாட்டாகவே முடியும். முன்கூட்டிச் சொல்லுதல், செய்தல், கண்டதைப் பேசுதல், பின் எழுதுதல் என்ற இந்த நாலு படியும் சேர்ந்ததே பாடம்.

கவனிக்க வேண்டியவை

பிள்ளை செய்ய வேண்டியதைப் பெற்றோர் செய்து கொடுக்க வேண்டாம். கடையில் றெஜிபோமும் மினுங்கல் கடதாசியும் வாங்கி, அம்மா இரவிரவாக ஒட்டிய மாதிரி வீடு, அம்மாவின் பாடமே. வளைந்து நிற்கும் பிள்ளையின் சொந்த வீடு அதைவிட மேலானது. ஆசிரியர்களும் அழகுக்கு அல்ல, முயற்சிக்கே பாராட்டு வழங்க வேண்டும். இல்லாவிட்டால் காசுள்ள வீட்டுப் பிள்ளைகளே என்றும் பரிசு வாங்குவார்கள்.

சிறு பிள்ளைகள் விதையையும் மணியையும் மூக்கிலும் காதிலும் போட்டுக்கொள்வார்கள்; கண் வைத்திருங்கள். குன்றிமணி நஞ்சுடையது, அதை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டாம். வாளித் தண்ணீரருகே பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். கடற்கரையில் கிடக்கும் வெறும் சிப்பியையும் சோகியையும் சேர்க்கலாம். உயிருள்ளதை எடுக்கவோ முருகைக் கல்லை உடைக்கவோ கூடாது. புறாத்தீவு 2003முதல் தேசிய பூங்கா. அங்கே எல்லாம் கண்ணால் காண்பதற்கே. போர் நடந்த மண் இது. அறியாத இரும்புப் பொருள் எதையும் தொடாமல் பெரியவரிடம் வந்து சொல்லப் பிள்ளைகளைப் பழக்குங்கள்.

வகுப்பில் நாற்பது பிள்ளைகள், ஒரே ரீச்சர் என்றால் இவையெல்லாம் நடக்குமா என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாரத்துக்கு ஒன்று போதும். மூத்த பிள்ளைகளைக் குழுத்தலைவர்களாக்குங்கள். வலை பொத்தத் தெரிந்த தந்தையையோ பாய் பின்னத் தெரிந்த பாட்டியையோ ஒரு மணித்தியாலம் வகுப்புக்கு அழையுங்கள். இதில் பெற்றோர் பின்நிற்கக் கூடாது.

பொறுப்பு யாருடையது?

1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்பின், நமது பங்குகள் நடத்திவந்த பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்புக்குப் போயின. அன்றுமுதல், "படிப்பு அரசாங்கத்தின் காரியம், வேதம் கோவிலின் காரியம்" என்று நம்மில் பலர் இருந்துவிட்டோம். ஆனால் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, பிள்ளைகளின் முதலும் முதன்மையுமான ஆசிரியர்கள் பெற்றோரே என்று போதிக்கிறது. பாடசாலை யாருடைய கையில் இருந்தாலும், பிள்ளை நமது கையில் இருக்கிறது. நாசரேத்தூரில் சூசையப்பரின் பட்டறையில் நம் ஆண்டவரும் கையால் தொழில் கற்றார் என்பதை நினைவில் கொள்வோம்.

இந்த வாரம் வீட்டில் செய்ய:

1. ஈர்க்குக் கட்டுகளைச் செய்து, மூன்று கழித்தற் கணக்குகளைப் பிள்ளை செய்துகாட்டட்டும். நீங்கள் வாய் திறவாமல் பார்த்திருங்கள்.
2. சமையலறையில் சுண்டால் அரிசி அளப்பதைப் பிள்ளையிடம் ஒப்படையுங்கள். ஆளுக்கு எவ்வளவு, விருந்தாளி இருவர் வந்தால் எவ்வளவு என்று கேளுங்கள்.
3. வெள்ளிக்கிழமை செபமாலைக்குப் பின், நாலு சிரட்டைகளில் விதை ஊன்றுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நமது பிள்ளை கையால் எதை நன்றாகச் செய்கிறது? அதைக் கடைசியாக நாம் பாராட்டியது எப்போது?
2. பிள்ளையின் புள்ளிகளைப் பற்றிப் பேசும் அளவுக்கு, அது கேட்கும் கேள்விகளுக்கு நாம் காது கொடுக்கிறோமா?
3. நமது அயலில் வாசிக்கத் தெரியாமல் தரம் ஐந்துக்கு வந்துவிட்ட பிள்ளை உண்டா? அந்தப் பிள்ளைக்காக நமது வீட்டில் என்ன செய்யலாம்?

நாளை உங்கள் பிள்ளை களிமண் ஒட்டிய சட்டையோடு வந்தால், கோபியாமல் பக்கத்தில் இருத்தி, "இண்டைக்கு என்ன செய்தனீ? எனக்கும் காட்டு" என்று கேளுங்கள். சட்டையைத் தோய்த்துவிடலாம். பிள்ளை உங்களுக்குப் படிப்பிக்கத் தொடங்கிவிட்டால், அது உண்மையில் படித்துவிட்டது என்று அறிந்து ஆண்டவருக்கு நன்றி கூறுங்கள்.